மேலே ஒருத்தி இருந்தாள்

அக்கா,

மாதவரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மாட்டுக் கொட்டகை இருக்கிறது. சிமென்ட் ஷீட் போட்ட நீளக் கொட்டகை. வெயில் ஏறியதும் பால்காரர் ரப்பர் குழாயை இழுத்து வந்து கூரைமேல் தண்ணீர் பீய்ச்சுவார். மாடுகள் சூடு தாங்காதாம், பால் குறைந்துவிடுமாம். இன்று காலை துணி காயப்போடப் பின்பக்கம் போனேன். காய்ந்த ஷீட்டில் தண்ணீர் விழுந்து கிளம்பிய ஆவி என் முகத்தில் அடித்தது. சுண்ணாம்பும் பாசியும் வெந்தது போன்ற ஒரு வாடை. ஈரத்துணியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். இந்த வீட்டுக்கு வந்து பல வருஷமாகிறது. அந்த வாடை தினமும் வந்துகொண்டுதான் இருந்திருக்கும். இன்றைக்கு என்னவோ, ராயபுரத்து மொட்டை மாடியில் தண்ணீர் டிரம்மின்மேல் ஏறி நின்று, வாளியைச் சுழற்றி ஷீட்டின்மேல் வீசுகிற உன் கை கண்முன்னால் வந்தது. கை மட்டும்தான். முகம் வர வெகுநேரம் ஆயிற்று. அதில்தான் பயந்துபோனேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன்னை 'நீ' என்று எழுத எனக்குக் கூச்சமில்லை. முதல் நாளே நீ கொடுத்த உரிமை அது. செல்வமும் நானும் இரண்டு வீட்டுச் சம்மதமும் இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு சாத்தான்குளத்திலிருந்து கிளம்பி வந்திருந்தோம். அவருக்கு ராயபுரத்தில் ஊர்க்காரர் ஒருவருடைய மளிகை மண்டியில் வேலை. அந்த முதலாளிதான் தங்க இடமும் பார்த்துக் கொடுத்தார். கீழே குடோன். முதல் மாடியில் வீட்டுக்கார அம்மா. இரண்டாம் மாடி, துபாயில் இருந்த அவர் மகனுடையது, பூட்டியே கிடந்தது. அதற்கும் மேலே மொட்டை மாடியில் இரண்டு ஷீட் ரூம்கள். ஒன்றில் நீ இருந்தாய். இன்னொன்று எங்களுக்கு. டிரங்குப் பெட்டியோடு உள்ளே நுழைந்தவள் நிலைப்படியில் நங்கென்று இடித்துக்கொண்டேன்.

"தலய குனிம்மே!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "இந்த வூட்ல சாமிக்கு கும்பிடு போட்றமோ இல்லியோ, வாசப்படிக்கு டெய்லி போட்டுதான் ஆவணும்."

நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "நீங்க பக்கத்து ரூமாக்கா?" என்றேன்.

"நீங்களா? எத்தினி பேரு நின்னுகினு கீறேன் இங்க? நீன்னு சொல்லு, போதும்."

அந்த அறையை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், அதை அறிந்தவர்கள் நாம் மூன்று பேர்தான். நடுவில் மட்டும்தான் நிமிர்ந்து நிற்கலாம். இரண்டு பக்கமும் ஷீட் சரிந்து இறங்கும். விசிறி மாட்ட உயரம் கிடையாது. டேபிள் ஃபேன் போட்டால் அடுப்பை ஊதிவிட்ட மாதிரி அனல் அடிக்கும். பொழுது சாய்ந்ததும் ஷீட் குளிர்ந்து 'டக், டக்' என்று முறியும் சத்தம் கேட்கும். முதல் வாரம் யாரோ கல் எறிகிறார்கள் என்று நினைத்தேன். தண்ணீர் கீழே அடிபம்பிலிருந்து ஏற வேண்டும். துறைமுகத்து நிலக்கரித் தூசி காற்றில் வந்து எல்லாவற்றின் மேலும் படியும். வெள்ளைத் துணியைக் காயப்போட்டுவிட்டு வந்தால் சாம்பல் நிறத்தில் எடுக்கலாம்.

அந்தத் தூசியில் நீ நைட்டி தைத்துக்கொண்டிருந்தாய். வண்ணாரப்பேட்டை மொத்தக் கடைக்குப் போகும் நைட்டிகள். மேஸ்திரி வெட்டிய துணியைக் கட்டாகக் கட்டி வந்து போடுவார், தைத்ததை எடுத்துப் போவார். உன்னிடம் இரண்டு மெஷின் இருந்தது. ஒன்று சும்மா கிடந்தது. தையல் எனக்கு ஊரிலேயே தெரியும் என்று நான் சொன்ன மறு நிமிஷம் அந்த மெஷின்மேல் இருந்த மூட்டைகளைக் கீழே தள்ளிவிட்டு, "அப்போ இன்னாத்துக்கு சொவுத்த பாத்துகினு குந்திகினு கீற? வா" என்றாய்.

வெயில் ஏறும்முன் பாதி வேலையை முடிக்க வேண்டும். பதினோரு மணிக்கு மேல் மெஷினின் இரும்புத் தலையைத் தொட முடியாது. வியர்வை சொட்டித் துணி கறைபட்டால் மேஸ்திரி கத்துவார். அதனால் கழுத்தில் ஒரு துண்டு, மணிக்கட்டில் ஒரு துண்டு கட்டிக்கொள்வோம். மத்தியானத்தில் இருவரும் கட்டிங் டேபிளுக்கு அடியில் ஈரச் சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வோம். கூரைக்கு அடியில் இன்னொரு கூரையாக அந்த மேசைப் பலகை. அங்கே படுத்துக்கொண்டுதான் நீ பேசுவாய். உன் புருஷனைப் பற்றி வீட்டுக்கார அம்மாவிடம் கப்பலில் வேலை செய்கிறான் என்று சொல்லியிருந்தாய். மேஸ்திரியிடம் செத்துப்போனான் என்றாய். என்னிடம் பம்பாயில் இருக்கிறான் என்றாய். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"இதுல எதுக்கா நெசம்?"

"கேக்கறவங்களுக்கு எது தோதோ அதான் நெஜம். ஆளு இல்ல. அது ஒண்ணு மெய்யாலுமே நெஜம்."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

வியாசர்பாடியில் ரயில் பாதை ஓரத்துக் குடிசையில் பிறந்தவள் நீ. அது எரிந்த பிறகு தகரக் கொட்டாய். பிறகு ஷீட். மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து, பலகையைப் பார்த்துக்கொண்டு ஒருநாள் சொன்னாய்: "பொறந்ததுலேந்து எம்மண்டைக்கும் வானத்துக்கும் நடுவுல ஒரு மனுசன் கெடயாதும்மே. தலைக்கு மேல யார்னா நடக்கற வூட்ல ஒருதபா குடி பூந்துடணும். தூக்கத்துல தொப்பு தொப்புன்னு சத்தம் கேக்கணும். 'யார்ரா அது மேல'ன்னு நான் கத்தணும்."

நான் சிரித்தேன். நீயும்தான் சிரித்தாய். ஆனால் அது விளையாட்டுப் பேச்சு இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது.

நான் உண்டானபோது ஊருக்குக் கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகாதவளுக்கு என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையும் நீ செய்தாய், திட்டிக்கொண்டே செய்தாய். படி ஏறக் கூடாது என்று குடத்தைப் பிடுங்கிக்கொண்டாய். ஷீபா பங்குனியில் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த மூன்று மாடியும் ஏறி, அறைக் கதவைத் திறந்தபோதுதான், உள்ளேயிருந்து வந்த அனலில் நாம் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

சித்திரை பிறந்தது. நீ ஷீட்டின்மேல் சாக்கைப் பரப்பி மணிக்கொரு தரம் தண்ணீர் ஊற்றினாய். தண்ணீர் கசிந்து இரண்டாம் மாடி சுவரில் இறங்குகிறது என்று வீட்டுக்கார அம்மா தடுத்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பிள்ளை பிறந்ததற்குக் கருப்பட்டியும் சுக்கும் வாங்கிக் கொடுத்தவர்தான். நீ இறங்கிப் போய் அவரிடம் கேட்டாய், நானும் கூட நின்றேன்.

"அம்மா, ரெண்டாவது மாடி சும்மாதானே கீது. பகல்ல மட்டும் கொயந்தய அங்க போட்டுக்கறோம். நானே பெருக்கித் தொடச்சி வுட்டுட்றேன்."

"அது என் பையன் இடம். நாளைக்கே வருவான். கட்டில், பீரோ எல்லாம் இருக்கு. ஷீட் ரூமுக்குத்தானே வந்தீங்க? தெரிஞ்சுதானே வந்தீங்க?" என்றார்.

அக்கினி வெயில் தொடங்கிய வாரம் அது நடந்தது. செல்வம் மண்டிக்குப் போய்விட்டார். காலையிலிருந்து பிள்ளை பால் குடிக்கவில்லை. கட்டியிருந்த துணி நனையவே இல்லை. அழுகை முதலில் கீச்சென்று இருந்தது, பிறகு முனகலாயிற்று, பிறகு அதுவும் நின்றது. தொட்டால் மெஷின் தலையைத் தொட்ட மாதிரி இருந்தது. நான் உன்னைக் கூப்பிட்டேனா என்று எனக்கு நினைவில்லை. நீ வந்து பிள்ளையின் கண்ணிமையை விலக்கிப் பார்த்தாய். அம்மியிலிருந்து குழவியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாய். இரண்டாம் மாடிக் கதவில் இரண்டே அடி, பூட்டு விழுந்தது. உள்ளே இருட்டு. மொசைக் தரை. காலை வைத்ததும் உடம்பெல்லாம் குளிர்ந்தது, அதை இப்போதும் என் பாதத்தில் உணர்கிறேன். பிள்ளையை ஈரத்துணியோடு தரையில் கிடத்தி, பஞ்சை நனைத்துச் சொட்டுச் சொட்டாக உதட்டில் விட்டாய்.

"தொண்ட அசையுது பாரு. அசையுது. நீ அய்வாதே. போய் ஆட்டோ இட்டுகினு வா."

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் கையில் நரம்பு கிடைக்கவில்லை. நெற்றியோரத்தில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். "வீட்டுக்குள்ளே அடுப்பு வெச்சிருக்கீங்களா? பிள்ளை உடம்புல தண்ணியே இல்லியே" என்று டாக்டரம்மா கேட்டபோது நீ, "அடுப்புக்குள்ளதாம்மா வூடு கீது" என்றாய். ஷீபா பிழைத்தாள்.

திரும்பி வரும்போது வாசலில் கான்ஸ்டபிள் நின்றார். பூட்டை உடைத்த புகார். ஸ்டேஷனில் உன்னைச் சாயங்காலம் வரை தரையில் உட்கார வைத்தார்கள். செல்வமும் நானும் போய், எங்கள் பிள்ளைக்காகத்தான் நடந்தது, எங்களையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னோம். சப்-இன்ஸ்பெக்டர் எங்களைப் பார்க்கவே இல்லை.

"எதுக்குடி பூட்டை ஒடச்ச?"

"கொயந்த வெந்துகினு இருந்துச்சு சார்."

"அதுக்கு அடுத்தவங்க வீட்டை ஒடைப்பியா?"

"அடுத்தவங்க வூடுதான் சார் பக்கத்துல இருந்துச்சு."

அதற்கு ஒரு அறை விழுந்தது உனக்கு. நீ கன்னத்தைத் தொடக்கூட இல்லை. கடைசியில் சமாதானம் என்று முடிந்தது. இரண்டு ரூமையும் காலி செய்ய வேண்டும், அதுதான் சமாதானம். நாம் சாமான் இறக்கிக்கொண்டிருந்தபோது இரண்டாம் மாடியில் ஒரு பெண் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, பிள்ளை கிடந்த தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நீ வாசலில் நின்று பார்த்தாய். "அந்தத் தண்ணிய ஷீட்டு மேல ஊத்தியிருந்தா ஆயிருக்குமே" என்றாய்.

மண்டி முதலாளி எங்களுக்குத் தண்டையார்பேட்டையில் ஒரு கீழ்த்தளத்து அறை பிடித்துக் கொடுத்தார். வெளிச்சமே இல்லாத அறை. ஆனால் மேலே இரண்டு மாடி இருந்தது, ஆள் நடக்கும் சத்தம் கேட்டது. உன்னையும் எங்களோடு வரச் சொன்னோம். வந்தாய். ஒரு வாரம் இருந்தாய். நான் எத்தனை சொல்லியும் கேட்காமல் மூட்டையைக் கட்டினாய்.

"உம்புருசன் காலு நீட்டினா என் மெசினு இடிக்குது. என் மெசினு ஓடினா உங்கொயந்த எய்ந்துக்குது. அந்த மேஸ்திரி ஒரு எடம் சொல்லிகீறான், போறேன். மூஞ்ச தூக்கி வெச்சிக்காதம்மே, வந்து வந்து பாத்துக்குவேன்."

மேஸ்திரி சொன்ன இடம் திருவொற்றியூர் கடலோரத்தில் ஒரு ஐஸ் கம்பெனி. முகத்துவாரக்குப்பம் வரை படகுகளுக்கு ஐஸ் அங்கிருந்துதான் போகும். கம்பெனிக்கு மேலே, சாக்குப் போட்டு வைக்கிற அறை ஒன்று இருந்தது. அதில் பாதியைத் தடுத்து உனக்குக் கொடுத்திருந்தார்கள். மேலே தகரம். நான் முதல்முறை ஷீபாவைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, கம்ப்ரசர் ஓடும் அறையை ஒட்டி இரும்புப் படி ஏறியது. பாதிப் படியிலேயே மூக்கில் சுருக்கென்று ஏறியது.

"என்னக்கா வாடை இது? கண்ணு எரியுது."

"அமோனியாம்மே. ஐஸ் ஒறையறதுக்கு ஓட்றாங்க. அப்பப்போ வரும், போவும். எனுக்கு சளி, ஜல்பே புடிக்கறதில்ல இப்போ." பிறகு தகரத்தைக் காட்டிச் சிரித்தாய். "கீய ஐஸு, மேல அடுப்பு. நடுவுல நான் ஒருத்தி. எப்டி கீது என் ஏசி ரூமு?"

இருந்த ஒரே ஜன்னல் மேற்கே பார்த்தது. சாயங்கால வெயில் தாங்காமல் அட்டை வைத்து ஆணி அடித்திருந்தாய். அந்த அறையில் நீ இரண்டு கோடை இருந்தாய். ஐஸ்காரர்கள் உடைந்த துண்டு ஐஸைக் கூடையில் கொடுப்பார்கள். ஷீபா வந்தால் அதை ஒரு தட்டில் வைத்து அவள் பாதத்தை அதன்மேல் வைப்பாய். அவள் கூச்சலிடுவாள். நீ இன்னும் சத்தமாகக் கூச்சலிடுவாய். நடக்கத் தெரிந்த பிறகு அவள் அந்த இரும்புப் படியில் என் கையை உதறிவிட்டு உன்னிடம் ஏறுவாள்.

அன்றைக்கு மத்தியானம் மீன்பாடி வண்டிக்காரர் ஒருவர் மண்டிக்கு வந்து, திருவொற்றியூர் ஐஸ் கம்பெனியில் கேஸ் லீக், ரோட்டையே மூடிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார். செல்வம் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மாவு மில்லுக்குப் போன் போட்டு என்னைக் கூப்பிட்டார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். பஸ் பாதியிலேயே நின்றுவிட்டது. மீதியை நடந்தேன். காற்றே கண்ணைக் கரித்தது. எதிரே மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

கம்பெனிக்கு முன்னால் தீயணைப்பு வண்டி நின்றது. வேலைக்காரர்கள் எல்லோரும் தெருவோரத்தில் ஈரத்துணியோடு உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்கள். கம்பெனி முதலாளி ஒரு அதிகாரியிடம், "நம்ம ஆளுங்க எல்லாரும் வெளிய வந்துட்டாங்க சார், ஒருத்தர் பாக்கியில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உன்னைத் தேடினேன். உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன்.

"மேல இருந்த அக்கா எங்க?" என்று முதலாளியிடமே கேட்டேன்.

"மேலயா? மேல இன்னா இருக்குது? சாக்கு ரூமு."

"மேல ஒருத்தி இருக்கா! மேல ஒருத்தி இருக்கா!" என்று கத்தினேன். வேறு வார்த்தையே வரவில்லை. இடுப்பில் ஷீபாவும் பயந்து கத்தினாள். அதிகாரி முதலாளியைப் பார்த்தார். "அதெல்லாம் யாரும் இல்ல சார், இந்தம்மா யாரோ" என்றார் அவர். கூட்டத்தில் ஐஸ் உடைக்கிற பையன்களில் ஒருவன் மட்டும் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "தையக்காரம்மா" என்று முணுமுணுத்தான். முகமூடி மாட்டியிருந்த தீயணைப்பு வீரர் ஒருவர் யாரிடமும் கேட்காமல் உள்ளே போனார். அந்தப் பையன் அதைச் சொல்லியிருக்காவிட்டால் அவர் போயிருப்பாரா என்று தெரியவில்லை. உன்னை ஈரச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். உன் கை தொங்கிக்கொண்டிருந்தது. அதில் அட்டைத் துண்டு ஒன்றை இறுகப் பிடித்திருந்தாய்.

பெரிய ஆஸ்பத்திரியில் உனக்கு இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டிருந்தார்கள். தொண்டை வெந்துபோய்க் குரல் காற்றாக வந்தது. பேசக் கூடாது என்று நர்ஸ் சொன்னார். நீ என்றைக்கு யார் பேச்சைக் கேட்டாய்?

"படில எறங்கினேம்மே. கேஸு அந்தப் படி வயியாதான் மேல வந்துகினு இருந்துச்சு. திரும்பி ஏறிட்டேன். அட்டய பிச்சிப் போட்டு தலய வெளிய வுட்டேன். கத்தினேன். கீய அல்லாரும் ஓடிகினு இருந்தாங்கோ. ஒருத்தன்கூட தலய தூக்கிப் பாக்கல."

"பேசாதக்கா. நான் இங்கனதான் இருக்கேன்."

"திட்டல. ஓட்றப்போ யாரு மேல பாப்பாங்கோ? நானா இருந்தாலும் பாத்திருக்க மாட்டேன்."

உன் விரலை என் கைக்குள் வைத்திருந்தேன். வார்டு கீழ்த்தளத்தில் இருந்தது. மேலே நான்கு மாடி. யாரோ கட்டிலை இழுத்தார்கள் போலிருக்கிறது, விட்டத்தில் தடதடவென்று சத்தம் ஓடியது. உன் முகம் கட்டுக்கு அடியில் மெல்லத் திரும்பியது.

"மேல ஆளு நடக்குது, கேக்குதா?"

"கேக்குக்கா."

"யார்ரா அது மேல" என்றாய். கத்த முடியவில்லை. உதடு மட்டும்தான் அசைந்தது.

மறுநாள் விடிந்தபோது நீ இல்லை.

பிணவறை ஜன்னலில் இருந்தவர் உறவு என்ன என்று கேட்டார். தங்கச்சி என்றேன். என் பேச்சைக் கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "நீ திர்நெல்வேலி பக்கமாட்டம் பேசுற. அவங்க வியாசர்பாடின்னு சொன்னே. எப்பிடி தங்கச்சி?" என்றார். செல்வம் ஏதோ விளக்கம் சொல்ல வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். "தங்கச்சிதான் சார். எழுதுங்க" என்றேன். அவர் என்ன நினைத்தாரோ, எழுதிவிட்டார். புருஷன் வருவான் என்று நான் உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். கப்பலிலிருந்தோ பம்பாயிலிருந்தோ எவனும் வரவில்லை. மூலக்கொத்தளம் இடுகாட்டில் செல்வமும் மண்டி ஆட்களும் உன்னை இறக்கினார்கள். மேஸ்திரி தூரத்தில் நின்றிருந்தார், கிட்டே வரவில்லை.

இரண்டு நாள் கழித்து உன் சாமானை எடுக்கக் கம்பெனிக்குப் போனேன். அறை காலியாக இருந்தது. தடுப்பைப் பிரித்திருந்தார்கள். தரையைக் கழுவி, சாக்குகளைச் சுவர் முழுக்க அடுக்கியிருந்தார்கள். மெஷின் இல்லை, அடுப்பு இல்லை, உன் சேலை ஒன்றுகூட இல்லை. "இங்க யாரும் குடியிருக்கலம்மா. அந்தம்மா அன்னிக்கி சாக்கு கேட்டு வந்துது, மாட்டிக்கிச்சு" என்றார் கணக்கர், என் முகத்தைப் பார்க்காமல். பேப்பரில் நாலு வரி வந்தது. விஷவாயு கசிந்ததில் 'அவ்வழியாகச் சென்ற பெண் ஒருவர்' உயிரிழந்தார் என்று போட்டிருந்தார்கள்.

எனக்கு அன்றைக்கு வந்த கோபம் போல அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை. விசாரணைக்கு வந்த அதிகாரி முன்னால் போய் நின்றேன். அவள் அங்கே இரண்டு வருஷம் குடியிருந்தாள், அந்த அறையில் நான் சோறு தின்றிருக்கிறேன், என் பிள்ளை அங்கே தூங்கியிருக்கிறது என்றேன். சாக்கை நகர்த்திப் பாருங்கள், மெஷின் கால் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை இருக்கும், எத்தனை கழுவினாலும் அது போகாது என்றேன். தலையாட்டினார். ஐஸ் உடைக்கிற அந்தப் பையனைத் தேடினேன். அவனை ஊருக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். சாக்கை யாரும் நகர்த்தவில்லை. அடுத்த மாதம் கம்பெனி மறுபடி ஓடியது.

இருபது வருஷத்துக்கு மேலாகிறது. ஷீபாவின் நெற்றியோரத்தில் ஊசி குத்திய தழும்பு இருக்கிறது, முடியை இறக்கி வாரிக்கொள்வாள். உன் கதை அவளுக்குத் தெரியும். ஆனால் தட்டில் ஐஸ் வைத்துப் பாதம் வைத்தது அவளுக்கு நினைவில்லை. நான் சொல்லித்தான் தெரியும். எனக்கு அதில் இன்னும் ஆறவில்லை.

போன மாதம் எங்கள் தெருவில் நாலு மாடிக் கட்டடத்தில் மீட்டர் பெட்டி வெடித்துப் படிக்கட்டு முழுக்கக் கரும்புகை. ஷீபாவும் நானும் கடைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். குடியிருந்தவர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இறங்கி ஓடிவந்தார்கள். எல்லாரும் வந்தாச்சா என்று ஒருவர் கேட்க, வந்தாச்சு, வந்தாச்சு என்றார்கள். என் கையிலிருந்த பை கீழே விழுந்தது எனக்குத் தெரியாது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அந்தப் படியில் நான் ஏறிக்கொண்டிருந்தேன். பின்னால் ஷீபா "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டே வந்தாள். முட்டி இரண்டும் தேய்ந்துபோன எனக்கு நாலு மாடி எப்படி ஏற வந்தது என்று இன்றும் தெரியாது. மொட்டை மாடிக் கதவைத் தள்ளினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஷீட் ரூம். ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு மூன்று வடநாட்டுப் பையன்கள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். கதவை இரண்டு கையாலும் அடித்தேன்.

அவர்கள் மிரண்டுபோய் எழுந்தார்கள். நான் சொன்னது அவர்களுக்குப் புரியவில்லை. அவர்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை. மூக்கைப் பொத்திக் காட்டினேன், படியைக் காட்டினேன். கடைசிப் பையன் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றான், அவன் முதுகில் ஒன்று வைத்தேன். மூவரும் இறங்கினார்கள். ஷீபா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "போலாம்மா, யாருமில்ல" என்றாள்.

"இரு" என்றேன். குனிந்து அந்த அறைக்குள் நுழைந்து, கட்டிலுக்கு அடியிலும் பார்த்துவிட்டு வந்தேன்.

உன்
ஸ்டெல்லா